பருக்கும் துயரம்

எங்கள் சோரியாங்குப்பத்தில் ஒருவரை நாலு மாசம் கழித்துப் பார்த்தால் முதல் பேச்சு உடம்பைப் பற்றித்தான் இருக்கும். ஆள் இளைத்திருந்தால் கேட்பவர் குரல் தாழ்ந்துவிடும். “என்னம்மா இப்படி எளச்சிப் போயிட்ட, மனசுல எதுனா கவலையா?” பருத்திருந்தால் அதே குரல் உரக்க வரும். “உனக்கென்ன, நல்லா பூசினாப்ல இருக்க. கவலையா, கஷ்டமா!” பாகூர் கொம்யூனின் தெற்கு ஓரம் எங்கள் ஊர். தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கடலூர். இரண்டு கரையிலும் பேச்சு இதேதான். கவலை இளைக்கும், நிம்மதி பருக்கும். இந்தக் கணக்கை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, மொழியோடு சேர்ந்து வந்துவிட்டது.

எத்தனை காலமாக வருகிறது என்று தேடிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவன் பிரிந்தால் தலைவியின் தோள் மெலியும், வளை கழன்று விழும், பசலை படரும். திருக்குறளின் 124-ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பே ‘உறுப்புநலன் அழிதல்’. மனத்துயரை உடம்பின் மெலிவால் காட்டுவதில் தமிழ்க் கவிஞர்கள் தேர்ந்தவர்கள். ஆனால் துயரத்தால் பருத்துப்போன ஒரு தலைவியை நான் எங்கும் படித்ததில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கியபிறகு அடுப்படியில் தனியாக நின்று மீந்த சோற்றை அள்ளி அள்ளித் தின்னும் ஒருத்தியின் வளை கழன்று விழாது, கையை இறுக்கும். அந்த இறுக்கத்துக்கு நம் மரபில் திணையும் இல்லை, துறையும் இல்லை.

மருத்துவ நூல்களிலும் இதே கணக்கு இருக்கிறது. ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதை, சூத்திரஸ்தானத்தின் 21-ஆம் அத்தியாயத்தில் பழிக்கப்படும் உடம்புகள் எட்டு என்று ஒரு பட்டியல் போடுகிறது. மிக நெட்டை, மிகக் குட்டை, மிகக் கறுப்பு, மிக வெளுப்பு என்று போகும் அந்தப் பட்டியலில் அதிகம் பருத்தவரும் அதிகம் மெலிந்தவரும் உண்டு. உடல் பருக்கக் காரணமாக அது சொல்பவற்றில் பல இன்றைய டாக்டர் சொல்வதுபோலவே இருக்கின்றன: இனிப்பும் நெய்ப்பும் மிகுந்த சாப்பாடு, உழைப்பின்மை, பகல் தூக்கம், பெற்றோரிடமிருந்து வந்த விதையின் இயல்பு. இவற்றோடு இன்னும் இரண்டு உண்டு. எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பது, எதைப் பற்றியும் யோசிக்காமல் இருப்பது. கவலைப்படாதவன் காட்டுப்பன்றி மாதிரி கொழுப்பான் என்கிற பொருளில் ஓர் உவமையும் வருகிறது. சிகிச்சையிலும் அதே தர்க்கம்தான். பருத்தவன் கண்விழிக்க வேண்டும், சிந்திக்க வேண்டும். மெலிந்தவன் தூங்க வேண்டும், கவலையை விட வேண்டும்.

எங்கள் ஆயாவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லும். அதைக் குறை சொல்ல முடியாது. தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்ட 1876–78 பஞ்சத்தில், சுற்றியிருந்த சென்னை மாகாணம் உட்பட ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 1930-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க ஆரம்பித்தார்கள். பசித்த வயிறு இல்லாத இடத்தில் அப்படி ஒரு திட்டத்துக்கு வேலை இருக்காது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பாகூரிலும் விளைந்த நெல் நடவு நட்ட எல்லார் வீட்டுக்கும் போகவில்லை. அந்தக் காலத்தில் சதை என்பது சேமிப்பு. பூசினாப்போல இருப்பவர் அடுத்த வேளைச் சோற்றுக்கு அலையாதவர் என்று அர்த்தம். ‘கவலை இல்லாத உடம்பு’ என்ற சொல் அன்றைக்குப் பொய்யில்லை.

ஆனால் சோறு வந்தபிறகும் சொல் அப்படியே நின்றுவிட்டது. சினிமா அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. உசிலைமணி, குண்டு கல்யாணம், பிந்து கோஷ் என்று திரையில் பருத்த உடம்போடு வந்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிரிக்கவைக்கும் வேலை. அவர்கள் அழுதாலும் நாம் சிரிக்கும்படிதான் காட்சி அமைந்தது. குண்டாக இருப்பவருக்குள் ஒரு துக்கம் இருக்கலாம் என்ற எண்ணமே அரங்கத்தில் எழவில்லை.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1976-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கிரிஸ்ப், மெக்கின்னஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நடுவயதினரை ஆராய்ந்ததில், பருத்தவர்களுக்குப் பதற்றம் குறைவாகவும், பருத்த ஆண்களுக்கு மனச்சோர்வும் குறைவாகவும் தெரிந்தது. ‘குண்டானவர் குஷியானவர்’ என்கிற கருத்து அதன்பின் ஆராய்ச்சி உலகில் ஒரு பெயரோடு உலாவியது. சரகரும் எங்கள் ஆயாவும் லண்டன் டாக்டர்களும் ஒரே பக்கம் நின்ற காலம் அது.

மறுபக்கத்திலிருந்தும் குரல்கள் வந்துகொண்டிருந்தன. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஹில்டே புரூக் என்ற பெண் மருத்துவர், 1930-களிலிருந்தே நியூயார்க்கில் பருத்த குழந்தைகளைப் பார்த்துவந்தார். அப்போதைய மருத்துவம் சுரப்பிக் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் குழந்தைகளின் வீடுகளைக் கவனித்தார். குழந்தை எதற்கு அழுதாலும் வாயில் சாப்பாட்டைத் திணிக்கிற வீட்டில், பசி எது, பயம் எது என்று பிரித்தறிய அந்தக் குழந்தை கற்றுக்கொள்வதே இல்லை என்பது அவர் வந்தடைந்த இடம். தாய்மார்மேல் அவர் பாரத்தை அதிகமாக ஏற்றினார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கொழுப்புக்குப் பின்னால் ஒரு மனசு இருக்கிறது என்பதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடைகுறைப்புச் சிகிச்சை ஒன்றை நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனது அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டபோது, பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அவர்களில் சிலருக்கு அந்த உடம்பு ஒரு மதில். சதை இருக்கும்வரை யாரும் ஆசையோடு பார்க்க மாட்டார்கள். எடை குறைந்ததும் பயம் திரும்பி வந்திருக்கிறது. ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் குழந்தைப்பருவத் துன்பங்களைப் பற்றிக் கேட்டு 1998-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கு விதை இங்கேதான் விழுந்தது. நாம் நோய் என்று பார்த்ததை அந்த மனிதர்கள் தற்காப்பாக வைத்திருந்தார்கள்.

பிறகு 2010-இல் லுப்பினோவும் சக ஆய்வாளர்களும், ஒரே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்தார்கள். உடல்பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் கூடுதல். மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் உடல்பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் கூடுதல். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட சமம். மாடு வண்டியை இழுக்கிறதா, வண்டி மாட்டைத் தள்ளுகிறதா என்று கேட்டால், மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் இன்னொன்றும் நடக்கிறது.

உள்ளே நடப்பதில் மர்மம் அதிகம் இல்லை. நீண்ட நாள் மன அழுத்தத்தில் கார்ட்டிசால் ஏறுகிறது, அது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்க உதவுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடுகிறது. மனசு சோர்ந்தவருக்கு எழுந்து நடப்பதே பாரம். சிலருக்குச் சோர்வு பசியைக் கொல்லும், அவர்களை நம் கவிஞர்கள் பாடிவிட்டார்கள். சிலருக்கு அது பசியைக் கிளப்பும். இரண்டும் மனச்சோர்வின் அறிகுறி என்றே மருத்துவம் வைத்திருக்கிறது.

மருந்து வரலாற்றிலும் இந்த முடிச்சைப் பார்க்கலாம். மூளையில் இன்பத்தோடும் பசியோடும் தொடர்புள்ள ஒரு வாயிலை அடைத்து எடையைக் குறைக்கும் ரிமோனபாண்ட் என்ற மாத்திரை 2006-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. எடை குறைந்தது. கூடவே சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-இல் விற்பனையை நிறுத்தினார்கள். சாப்பாட்டு ஆசையை மட்டும் தனியாக அறுத்தெடுக்க அந்தக் கத்தியால் முடியவில்லை.

இதற்கு நேரெதிரான கதை எங்கள் குடும்பத்தில் நடந்தது. 1952-இல் பாரிஸில் மனநோய்க்குக் குளோர்ப்ரோமசின் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, காதில் குரல் கேட்கும் நோய்களுக்கு மருந்து கிடைத்தது. சங்கிலியில் கட்டிப்போட்ட எத்தனையோ பேரை அது அவிழ்த்துவிட்டது. அந்த மருந்திலும் எடை கூடியது. பின்னால் வந்த குளோசபின், ஒலான்சபின் இரண்டும் இன்னும் மோசம். 1999-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, பத்தே வாரத்தில் சராசரியாக நாலு கிலோவுக்கு மேல் கூடுகிறது. போதும் என்று சொல்கிற சமிக்ஞையை இந்த மருந்துகள் மூளையில் அமுக்கிவிடுகின்றன.

என் பெரியம்மா மகள் இப்படி ஒரு மாத்திரையில்தான் தேறி வந்தாள். குரல்கள் அடங்கின, தூங்கினாள், தலை வாரிக்கொண்டாள். ஒரு வருஷத்தில் பதினெட்டு கிலோ ஏறியது. முதலில் தெருவே சந்தோஷப்பட்டது. “பாப்பா தேறிட்டா, உடம்பு வச்சிடுச்சு பாரு.” எடை ஏற ஏறச் சந்தோஷம் கிண்டலாக மாறியது. ஒரு கல்யாணப் பந்தியில், “அக்காவுக்கு ரெண்டு இலை போடுங்கப்பா” என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிகிச்சைக்குப் போன இடத்தில், “வாயைக் கட்டும்மா” என்பதோடு முடித்துக்கொண்டார்கள். மருந்துதான் பசியைக் கிளப்புகிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. தன் வாய்தான் காரணம் என்று அவள் நம்பினாள். யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினாள். மூன்று மாதத்தில் குரல்கள் திரும்பி வந்தன.

அவளைப் போல மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எடை கூடுவது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. இதை நான் எழுத உட்கார்ந்ததே அந்தப் பந்திச் சிரிப்பை நினைத்துத்தான். கிண்டல் செய்தால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்று நம்மில் பலர் மனதார நம்புகிறோம். அமெரிக்காவில் சுட்டின், டெர்ராசியானோ இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, எடைக்காகத் தாங்கள் இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் பின்னாளில் உடல்பருமன் அடையும் வாய்ப்பு, மற்றவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு என்று கண்டது. கேலியால் உடம்பு இளைக்கவில்லை.

நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். உடல்நிறை குறியீட்டெண் என்று டாக்டர் எழுதும் எண், பெல்ஜியத்தின் கெட்லே என்ற கணிதவியலாளர் 1832-இல் சராசரி மனிதனைத் தேடியபோது கண்ட சூத்திரம். 1972-இல் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். அது நமக்கு அப்படியே பொருந்தாது. 2004-இல் புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் சேர்ந்து நிற்கும் ஒரு படத்தை லான்செட் வெளியிட்டது. இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் இங்கே 23-லேயே எச்சரிக்கிறார்கள்.

25 என்ற அளவுகோலையே வைத்தாலும், 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் புதுச்சேரியின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு சுமார் 46 பேர் அதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். இந்திய அளவில் இது 24. பஞ்சத்துக்குப் பயந்த மண், நாலைந்து தலைமுறையில் இங்கே வந்து நிற்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்த முதுகுகள் இப்போது கம்பெனி வேனில் உட்கார்ந்து போகின்றன. ரேஷன் அரிசிச் சோறு மூணு வேளையும் கிடைக்கிறது, அதோடு தின்னப் பருப்பும் காயும் மீனும் அதே அளவுக்குக் கிடைப்பதில்லை. புருஷன் குடித்துவிட்டு வருகிற வீட்டில் ராத்திரித் தூக்கமும் கிடைப்பதில்லை. இந்த 46 பேரிடம் “உனக்கென்ன கவலை” என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெரியம்மா மகளுக்குப் பிறகு வேறு டாக்டர் கிடைத்தார். எடை அதிகம் ஏற்றாத மருந்துக்கு மெல்ல மாற்றினார். ஒவ்வொரு முறையும் எடை, இடுப்பளவு, சர்க்கரை மூன்றையும் பார்த்து எழுதினார். “பசிக்கிறது உன் தப்பு இல்லம்மா, மருந்தோட வேலை. ஆனா என்னைக் கேக்காம நிறுத்தக் கூடாது” என்றார். முதல் நாளே ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் அது. பதினெட்டில் ஏழு கிலோ குறைந்திருக்கிறது, பதினொன்று இருக்கிறது. குரல்கள் இல்லை.

படிக்கிறவர்களில் யாராவது அப்படி மாத்திரையை ஒளித்து வைத்திருந்தால், நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் எடையைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. பேச ஆள் இல்லையென்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுகிறார்கள். பருத்தவரைப் பார்க்கிற மற்றவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். மெலிந்தவரிடம் இரண்டாயிரம் வருஷமாகத் தாழ்ந்த குரலில் கேட்டுவரும் கேள்வியை இவரிடமும் அதே குரலில் கேட்டால் போதும்.