84-க்கும் 85-க்கும் நடுவே: கேம் மார்க்குகளின் கதை



உக்கடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடைகள் இருக்கே, கோயமுத்தூர்ப் பசங்க பாதிப் பேர் கைடு வாங்க அங்கேதான் போயிருப்போம். நான் எட்டாவது படிக்கும்போது அங்கே மேலட்டை கிழிந்த ஒரு ஆங்கில கேம் பத்திரிகை கிடைத்தது. பத்து ரூபாய். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் மார்க். ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 8, மேடன் என்ற ஃபுட்பால் கேமுக்கு 9-க்கும் மேலே. வீட்டில் அப்போது செகண்ட் ஹாண்ட் பிஎஸ்2 இருந்தது. தீபாவளிக் காசு இருநூறு ரூபாயை எடுத்துக்கொண்டு அதே ஏரியாவில் இருந்த ஒரு சிடி கடைக்குப் போய் மேடனை வாங்கிவிட்டேன்.

போட்டுப் பார்த்தால் ஹெல்மெட் மாட்டிய ஆட்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுகிறார்கள். அது அமெரிக்கன் ஃபுட்பால். பந்தைக் காலால் உதைப்பதே அபூர்வம். ஒரு ரூலும் புரியவில்லை. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்கார அண்ணன் சிரிக்கிறார். "தம்பி, நீ மார்க்கப் பாத்து வாங்கற. நான் எந்த சிடி திரும்பி வருதுன்னு பாத்து விக்கறேன். இது போற வேகத்துல திரும்பி வர்ற சிடி." பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்.

அந்தப் பத்திரிகை பொய் சொல்லவில்லை. மேடன் நிஜமாகவே நல்ல கேம்தான். ஆனால் அந்த 9 எனக்காகப் போட்ட மார்க் இல்லை. அப்போ அது யாருக்காக? இன்னைக்கு எபிசோடு அதைப் பற்றித்தான்.

கேம் விமர்சனம் பத்திரிகையாகச் சூடுபிடித்தது 1981-ல். அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் கேம்ஸ், பிரிட்டனில் கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ், இரண்டும் அந்த வருஷம்தான் வந்தன. தேவை ரொம்ப எளிமையானது. சினிமா பிடிக்கவில்லை என்றால் டிக்கெட் காசோடு போகும். கேம் கேட்ரிட்ஜ் அதைவிடப் பல மடங்கு விலை. பெட்டி மேல் வரைந்திருக்கும் படத்துக்கும் உள்ளே ஓடும் சதுரப் புள்ளிகளுக்கும் சம்பந்தமே இருக்காது. 1982 கிறிஸ்துமஸுக்கு அட்டாரி கொண்டுவந்த 'ஈ.டி.' எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஸ்பீல்பெர்க் படத்தின் பெயர், ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே புரோகிராமர், கையில் ஐந்து வாரம். (ஐந்து வார டெட்லைன் என்றதும் நமக்கெல்லாம் வயிறு கலங்குகிறது, இல்லையா?) லட்சக்கணக்கில் விற்காமல் தேங்கியது. 1983-ல் நியூ மெக்ஸிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014-ல் தோண்டி எடுத்தார்கள். வாங்குவதற்கு முன்னால் யாராவது விளையாடிப் பார்த்துச் சொல்லணும் என்ற ஏக்கம் அந்தக் காலத்தில் எவ்வளவு நியாயமானது என்று புரியும்.

அதை ஒரு முறையாகவே மாற்றியவர்கள் ஜப்பான்காரர்கள். 1986-ல் தொடங்கிய ஃபாமித்சு பத்திரிகையில் ஒரே கேமை நாலு பேர் விளையாடுவார்கள். ஆளுக்குப் பத்து மார்க், மொத்தம் 40. எனக்கு இதில் பிடித்த விஷயம், நாலு பேரின் மார்க்கையும் தனித்தனியாகவே அச்சடிப்பார்கள். ஒருத்தர் 9, இன்னொருத்தர் 5 என்றால் அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியும். முதல் 40-க்கு 40 கிடைத்தது 1998-ல், 'ஜெல்டா: ஒக்காரினா ஆஃப் டைம்' கேமுக்கு. பன்னிரண்டு வருஷம் யாருக்கும் முழு மார்க் போடாமல் இருக்க ஒரு தைரியம் வேணுமுங்க.

மற்ற இடங்களில் அந்த தைரியம் சீக்கிரமே கரைந்துவிட்டது. பத்துக்கு 7 என்றாலே 'சுமார்' என்று அர்த்தமாகிப்போச்சு. அந்தக் காலத்து ப்ளஸ் டூ ப்ராக்டிகல் மார்க் மாதிரி. எல்லோருக்கும் 45-க்கு மேலே, அதற்குள்ளே யார் நிஜமாகப் படித்தவன் என்று கண்டுபிடி பார்க்கலாம்.

2001-ல் மெட்டாக்ரிட்டிக் வருகிறது. பல விமர்சகர்களின் மார்க்கை 100-க்கு மாற்றி, சராசரி எடுத்து, ஒரே எண்ணாக்கி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசிவிடும். வெறும் சராசரி இல்லை, வெயிட்டட் ஆவரேஜ். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு வெயிட் என்பதை வெளியில் சொல்ல மாட்டார்கள். புரோகிராமராக எனக்கு இது உறுத்துகிறது. கான்ஃபிக் ஃபைலைக் காட்டாமல் அவுட்புட்டை மட்டும் நம்பச் சொல்கிற மாதிரி. ஃபாமித்சுவில் கண்ணுக்குத் தெரிந்த அந்த 9-5 வித்தியாசம் இங்கே 70 என்ற ஒற்றை எண்ணுக்குள் காணாமல் போகிறது.

எண் ஒன்று இருந்தால் அதை வைத்து யாராவது சம்பளம் போடத்தான் செய்வார்கள். 2010-ல் ஆப்சிடியன் என்ற ஸ்டூடியோ, பெதெஸ்டா கம்பெனிக்காக 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' செய்து கொடுத்தது. மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்பது ஒப்பந்தம். வந்தது 84. இதை வெளியில் சொன்னவர் அந்த கேமில் வேலை செய்த கிறிஸ் அவெலோன், 2012-ல். வெளியான நேரத்தில் அதில் பக் நிறைய இருந்தது நிஜம்தான். ஆனாலும் ஒரு மார்க்! விமர்சகர் யாரோ ஒருத்தர் அன்றைக்குக் கொஞ்சம் நல்லாத் தூங்கி எழுந்திருந்தால் இன்னொரு ஊரில் ஒரு டீமுக்கே போனஸ் வந்திருக்கும். ஏப்ரல் மாத அப்ரைசலில் 3.9 வாங்கி 4 தவறவிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, வாங்குகிறவனையாவது அந்த எண் காப்பாற்றுகிறதா? 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தபோது விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது பிசி வெர்ஷன் மட்டும். மார்க் அள்ளியது. அதை நம்பி பழைய பிஎஸ்4-ல் வாங்கியவர்களுக்கு ஓடியது வேறு கேம் மாதிரி இருந்தது. வெளியாகி ஒரு வாரத்தில் சோனியே தன் ஸ்டோரிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. திரும்பி வந்தது 2021 ஜூனில்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். இந்தியாவுக்கென்று ஸ்கோர் என்ற கேம் பத்திரிகை வந்தது, டிஜிட் நடத்தியவர்களிடமிருந்தே. உக்கடம் கடையில் அதன் பழைய இதழ்கள் எனக்கு மாட்டியிருக்கின்றன, உள்ளே வைத்த சிடி இல்லாமல். ஆனால் நம்ம பசங்க விளையாடியது விமர்சகர் லிஸ்டை வைத்து இல்லை. 2006-ல் வந்த 'கிரிக்கெட் 07' கேமை வெளிநாட்டு விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. இங்கே பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. ஐபிஎல் 2008-ல்தான் தொடங்கியது, அந்த கேமில் ஐபிஎல்லே கிடையாது. பசங்களே பேட்ச் போட்டு ஜெர்ஸி மாற்றி ஆடினார்கள். அண்ணன் கணக்குப்படி பார்த்தால் அது திரும்பியே வராத சிடி.

அதற்காக உள்ளூர்ச் சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டணும் என்று சொல்லவில்லை. 2009-ல் ஹைதராபாத்தில் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' பிஎஸ்2-ல் வந்தது. முழுக்க இந்தியாவில் உருவான முதல் கன்சோல் கேம் என்ற பெருமையோடு வந்தது. இந்திய விமர்சகர்களே தாட்சண்யம் பார்க்கவில்லை. அது சரி என்றுதான் நினைக்கிறேன். நம்ம காசும் காசுதானே.

ஆனால் 'வெண்பா' விஷயம் வேறு. 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச், பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், பிசி எல்லாவற்றிலும் வந்தது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அவர்கள் பையன் கவின். அம்மா கொடுத்த, அங்கங்கே கிழிந்து அழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு. அதைப் பார்த்து நாம் சமைக்கணும், அவ்வளவுதான் கேம். மார்க் நன்றாகவே வந்தது, எண்பதை ஒட்டி. 2024-ல் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது, ஐஜிஎஃப் விழாவில் முதல் பரிசு. குறை என்று விமர்சகர்கள் சொன்னதில் முக்கியமானது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது.

நியாயமான குறைதான். கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பது அட்டாரி காலத்திலிருந்து வரும் பழக்கம். ஆனால் அதில் இட்லிதான் முதல் புதிர். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்று கண்டுபிடிக்கணும். அதை முதன்முறை பார்க்கும் விமர்சகருக்கு அது நிஜமாகவே புதிர். எனக்கு அது புதிரே இல்லை, கை தானாகப் போனது. அதற்குப் பதிலாக, அவருக்கு எளிதாகக் கடந்துபோன ஒரு இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். ஸ்கூலில் கெவின் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் கவின், வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்கிற இடம். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் ஆடியதும் நான் ஆடியதும் அதே ஒன்றரை மணி நேரம்தானா? மேடனை நான் ஆடியபோது நடந்தது இங்கே அப்படியே தலைகீழாக நடக்கிறது.

நான் இதை ஹாலில் டிவியில் போட்டு ஆடியபோது அம்மா பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேம் பக்கம் திரும்பியே பார்க்காதவர். இட்லி வெந்ததும் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஏன்டா, அத்தனைக்கும் அந்தப் புள்ள ஒண்டியாவா நிக்குது? ஒத்தாசைக்கு ஆருமே இல்லியா?"

உங்க ஏரியாவில், மார்க் கம்மியாக இருந்தும் கடைக்குத் திரும்பியே போகாத கேம் எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் கேட்போம்.