எம்.பி.யிடம் மனு அளித்தால் மட்டும் போதுமா? கோரிக்கை நாடாளுமன்றத்தை எட்டும் வழிகள்

தொகுதிக்கு வரும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கூட்ட நெரிசலுக்கு நடுவே ஒரு மனு நீட்டப்படுகிறது. அவர் புன்னகையுடன் பெற்று உதவியாளரிடம் கொடுக்கிறார். புகைப்படம் எடுக்கப்படுகிறது. அதன்பின் அந்த மனுவைப் பற்றி எந்தத் தகவலும் வருவதில்லை. நாட்டின் எந்த மாநிலத்திலும் வாக்காளர்களுக்குப் பழக்கமான காட்சி இது.

இதற்கு உறுப்பினரின் அக்கறையின்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தம் அதிகாரத்துக்கு உட்பட்டு அவர் செய்யக்கூடிய ஒன்று பல மனுக்களில் கேட்கப்படுவதே இல்லை. அவர் அரசு அதிகாரி அல்லர். எந்த அலுவலகத்துக்கும் ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவையில் கேள்வி எழுப்பலாம், பேசலாம், குழுக்களில் இடம்பெறலாம், அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம், தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பணிகளைப் பரிந்துரைக்கலாம். இவற்றில் எது தமக்குத் தேவை என்பதைக் குறிப்பிட்டுக் கேட்கும் குடிமக்களின் கோரிக்கைக்கே பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

யாரிடம் கேட்பது?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. ரயில்வே, அஞ்சல், கடவுச்சீட்டு, தேசிய நெடுஞ்சாலை ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. காவல், பொதுச் சுகாதாரம், நிலம் ஆகியவை மாநில அரசைச் சார்ந்தவை என்பதால் அவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினரை அணுக வேண்டும். தெருவிளக்கு, கழிவுநீர் போன்றவற்றுக்கு உள்ளாட்சி உறுப்பினரும் கிராம சபையும்தான் சரியான இடம்.

மத்திய அரசு சார்ந்த பிரச்சினைகளுக்குத் தொகுதியின் மக்களவை உறுப்பினரை மட்டுமே நம்பியிருக்கத் தேவையில்லை. மாநிலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலங்களவை உறுப்பினர்களிடமும் அதே கோரிக்கையை அளிக்கலாம்.

கொறடா கட்டுப்படுத்தாத வாய்ப்புகள்

ஒரு மசோதாவை எதிர்த்து வாக்களிக்குமாறு உறுப்பினரைக் கேட்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. கட்சித் தாவலைத் தடுப்பதற்காக 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடும். ஆனால் கேள்வி எழுப்புவதற்கும், பூஜ்ய நேரத்தில் பேசுவதற்கும், மனுவை அவையில் சமர்ப்பிப்பதற்கும் அந்தத் தடை இல்லை. இதனால் ஆளுங்கட்சி உறுப்பினரிடமும் எதிர்க்கட்சி உறுப்பினரிடமும் ஒரே உதவியைக் கேட்க முடிகிறது.

கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 மணிக்கும் மாநிலங்களவையில் நண்பகல் 12 மணிக்கும் தொடங்குகிறது. மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகள் பட்டியலிடப்படுகின்றன. இவற்றுக்கு அமைச்சர் நேரில் பதிலளிப்பார்; துணைக் கேள்விகளும் உண்டு. நட்சத்திரக் குறியிடாத 230 கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்கும். அந்தப் பதில்கள் நாடாளுமன்ற இணையதளத்தில் அனைவரும் காணும் வகையில் வெளியிடப்படுகின்றன.

கேள்விக்கு குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு அல்லாமல், தேதி அறிவிக்கப்பட்ட உடனேயே உறுப்பினரின் அலுவலகத்தை அணுக வேண்டும். “எங்கள் ஊர் ரயில் நிலையத்தைக் கவனியுங்கள்” என்ற பொதுவான வேண்டுகோளுக்குப் பதில், “இந்த மேம்பாலத்துக்கு எந்த ஆண்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது, இதுவரை எவ்வளவு தொகை விடுவிக்கப்பட்டது, பணி எப்போது முடியும்?” என்று கேள்வியாகவே எழுதித் தருவது உறுப்பினரின் வேலையை எளிதாக்கும்.

மனுக்கள் குழு: முன்னாள் படைவீரர்களின் அனுபவம்

இரு அவைகளிலும் மனுக்கள் குழு உள்ளது. மக்களவைக் குழுவில் 15 உறுப்பினர்களும் மாநிலங்களவைக் குழுவில் 10 உறுப்பினர்களும் இடம்பெறுகின்றனர். நிலுவையில் உள்ள மசோதா குறித்தோ பொதுநலன் சார்ந்த விவகாரம் குறித்தோ குடிமக்கள் அவைக்கு மனு அளிக்கலாம். நீதிமன்ற விசாரணையில் இருப்பவை, மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்பப்பட வேண்டியவை, சட்டப்படி வேறு தீர்வு உள்ளவை ஏற்கப்படுவதில்லை. மனுவின் நடை கண்ணியமாக இருக்க வேண்டும். தமிழில் எழுதினால், மனுதாரர் கையொப்பமிட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும்.

இந்த வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கை ஓர் எடுத்துக்காட்டு. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியும், முன்னதாக ஓய்வு பெற்றவர்கள் குறைந்த ஓய்வூதியம் பெற்றுவந்தனர். இதுகுறித்த மனுவை பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு ஆராய்ந்து, கோரிக்கையை நிறைவேற்றுமாறு 2011 டிசம்பரில் பரிந்துரைத்தது. 2014 பிப்ரவரியில் தாக்கலான இடைக்கால பட்ஜெட்டில் கோரிக்கை கொள்கை அளவில் ஏற்கப்பட்டது. 2015-இல் முன்னாள் படைவீரர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் நடத்தினர். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி அரசாணை வெளியானது.

கேட்டவை அனைத்தும் கிடைத்துவிடவில்லை. ஓய்வூதியம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படும் என்ற முறையை எதிர்த்து முன்னாள் படைவீரர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2022-இல் நீதிமன்றம் அரசின் முடிவை உறுதி செய்தது. எனினும், தெருவில் எழுந்த குரலுக்கு நாடாளுமன்றக் குழு ஒன்றின் அறிக்கை ஆதாரமாக நின்றது.

சட்டம் இயற்றப்படும் முன்பே

புதிய சட்டங்களின் வரைவைக் குறைந்தது 30 நாள்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2014-இல் வகுத்தது. இது எல்லா மசோதாக்களுக்கும் பின்பற்றப்படுவதில்லை. நிலைக்குழுவுக்கு அனுப்பப்படும் மசோதாக்களில் இன்னொரு வாய்ப்பு உண்டு. துறை சார்ந்த 24 நிலைக்குழுக்களில் ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள் உள்ளனர். முக்கிய மசோதாக்களுக்கு இக்குழுக்கள் விளம்பரம் வெளியிட்டுக் கருத்துகளைக் கோருவது வழக்கம். ‘மசோதாவை எதிர்க்கிறோம்’ என்று மட்டும் எழுதாமல், எந்தப் பிரிவு யாரை எவ்வாறு பாதிக்கும், அதற்கு மாற்றாக என்ன வாசகம் வேண்டும் என்று குறிப்பிடுவது குழுவுக்கு உதவும்.

தொகுதி மேம்பாட்டு நிதி

ஒவ்வொரு எம்.பி.யும் ஆண்டுக்கு ரூ.5 கோடி வரை பணிகளைப் பரிந்துரைக்கலாம். இதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. ஒப்புதலும் செயலாக்கமும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. நிலையான பொதுச் சொத்துகளுக்கு மட்டுமே நிதி கிடைக்கும். தனிநபர் உதவிக்கோ வழிபாட்டுத் தலங்களுக்கோ இந்நிதியைக் கேட்பதில் பயனில்லை.

மனுவில் இருக்க வேண்டியவை

* ஒரு மனுவில் ஒரே கோரிக்கை; இயன்றவரை ஒரே பக்கம்.
* உறுப்பினர் எதைச் செய்ய வேண்டும் என்ற தெளிவான குறிப்பு: கேள்வியா, கடிதமா, நிதிப் பரிந்துரையா?
* பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை, தேதிகள், முந்தைய மனுக்களின் நகல்கள். அரசு ஆவணம் தேவைப்பட்டால் ரூ.10 கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும்.
* தொகுதி வாக்காளர்களின் பெயர், முகவரி, கையொப்பம்.
* பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை.

அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். குறைதீர்ப்புக்கான மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ பயன்பாட்டில் உள்ள எந்த மொழியிலும் அதிகாரிகளுக்கு அளிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு வழங்குகிறது.

வாக்குறுதியைப் பின்தொடர்தல்

அவையில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று அமைச்சர் கூறுவதோடு விவகாரம் முடிந்துவிடுவதில்லை. அத்தகைய உறுதிமொழிகள் மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும் என்பது நாடாளுமன்ற நடைமுறை. அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு உள்ளது. அமைச்சரின் பதிலைத் தேதியுடன் குறித்து வைத்து, உரிய காலம் கடந்ததும் உறுப்பினருக்கு நினைவூட்டலாம்.

ராஜஸ்தான் கிராம மக்கள் செய்ததும் இதுவே. ஊராட்சிப் பணிகளின் கணக்கு ஆவணங்களின் நகல்கள் மக்களுக்கு வழங்கப்படும் என்று அம்மாநில முதல்வர் 1995 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் அது நடைமுறைக்கு வராததால், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பினர் 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தர்ணாவில் அமர்ந்தனர். அந்தப் போராட்டம் 40 நாள்கள் நீடித்தது. ராஜஸ்தானில் 2000-இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2005-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது.

மீறக் கூடாத எல்லை

கோரிக்கைக்காகப் பணமோ பரிசோ கொடுப்பது குற்றம். கேள்வி கேட்கப் பணம் பெற்ற விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டனர். லஞ்சம் பெறும் மக்கள் பிரதிநிதிகளுக்கு அவை உரிமையின் பெயரால் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பவரும் தண்டனைக்கு உரியவரே.