கோவிட்-19 காலத்தில் அமெரிக்கப் பள்ளி ஊழியர்களின் விடுப்பும் பணிப் பாதுகாப்பும்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது ஐக்கிய அமெரிக்காவின் பள்ளி ஊழியர்களுக்கு இருந்த உரிமைகள், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்ட மூன்று கூட்டரசுச் சட்டங்களில் சிதறிக் கிடந்தன. ஆசிரியர்கள் மட்டுமன்றி பேருந்து ஓட்டுநர்கள், உணவுக்கூடப் பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரும் இவற்றின்கீழ் வருவர். விடுப்புச் சட்டத்தில் முழுமையாக அடங்கிய ஒரு அரசுப்பள்ளி ஊழியர், பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்காமல் போகக்கூடிய நிலை இதனால் உண்டானது.

== ஊதியத்துடன் கூடிய விடுப்பு ==

'ஃபேமிலீஸ் ஃபர்ஸ்ட்' எனப்படும் கொரோனாவைரசுச் சட்டம் 2020 மார்ச் 18 அன்று கையெழுத்தாகி, ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 31 வரை நடைமுறையில் இருந்தது. தனியார் துறையில் 500 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களை மட்டுமே இது கட்டுப்படுத்தியது. அரசுப் பள்ளி நிர்வாகங்களுக்கோ இவ்வரம்பு இல்லை.

தனிமைப்படுத்தலுக்கு உள்ளான, அல்லது நோய் அறிகுறிகளுடன் பரிசோதனையை நாடிய முழுநேர ஊழியருக்கு 80 மணி நேர விடுப்பு, நாளொன்றுக்கு 511 டாலர் உச்சவரம்புடன் முழு ஊதியத்தில் வழங்கப்பட்டது. தனிமைப்படுத்தப்பட்ட மற்றொருவரைப் பராமரிப்பவருக்கு மூன்றில் இரு பங்கு ஊதியமே கிடைத்தது; உச்சவரம்பு நாளொன்றுக்கு 200 டாலர். தம் பிள்ளையின் பள்ளி தொற்றினால் மூடப்பட்டிருந்தால் மேலும் பத்து வாரம் வரை இதே வீதத்தில் விடுப்புப் பெறலாம். தொற்று ஏற்படுமோ என்ற அச்சம் மட்டும் விடுப்புக்கான காரணமாக ஏற்கப்படவில்லை.

ஆசிரியர்களிற் பலர் பெற்றோரும் ஆவர் என்பதால், சில நாட்கள் நேரிலும் சில நாட்கள் இணையவழியிலும் வகுப்பு நடத்திய பள்ளிகளைப் பற்றிக் கேள்வி எழுந்தது. பிள்ளை பள்ளிக்குச் செல்ல அனுமதியில்லாத நாட்களில் அப்பள்ளி மூடப்பட்டதாகவே கருதப்படும் எனத் தொழிலாளர் துறை 2020 ஆகத்து மாதம் விளக்கியது. நேரடி வகுப்பு இருந்தும் பெற்றோர் தாமே இணையவழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் விடுப்பு இல்லை.

தனியார் நிறுவனங்களுக்கு இவ்விடுப்புச் செலவு வரிச்சலுகையாகத் திருப்பித் தரப்பட்டது. 2020-இல் அரசுப் பள்ளிகளுக்கு அச்சலுகை இல்லை. செலவைத் தம் நிதியிலிருந்தே ஏற்க வேண்டியிருந்தது. கட்டாய விடுப்பு அவ்வாண்டின் இறுதியுடன் முடிந்தது. குளிர்காலத்தில் தொற்று உச்சத்தில் இருந்தபோது, நிர்வாகமோ மாநிலமோ வேறு ஏற்பாடு செய்யாத இடங்களில், ஊழியர்கள் தாம் சேர்த்து வைத்திருந்த நோய்விடுப்பையே எடுக்க நேர்ந்தது.

== பணியில் வசதியேற்பாடு ==

1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, நிர்வாகத்திற்கு மிகையான சுமை ஏற்படாதவரை, உடற்குறை உள்ள ஊழியருக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும். கடும் நுரையீரல் நோயோ நீரிழிவோ உள்ள ஆசிரியர் இணையவழி வகுப்பு, தனியறை, தடுப்புத்திரை போன்றவற்றைக் கோரலாம். நிர்வாகம் மருத்துவச் சான்று கேட்கலாம். கேட்டதையே தர வேண்டியதில்லை, பயன் தரும் மாற்று ஏற்பாட்டையும் தரலாம்.

இச்சட்டத்தின் பெரிய இடைவெளி குடும்பத்தினர் பற்றியது. ஊழியர் நலமாக இருந்து, அவருடைய கணவரோ தாயோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தால், அதற்காக வசதி கோரும் உரிமை இல்லை என்பதே சமவாய்ப்பு ஆணையத்தின் விளக்கம். முதுமை மட்டுமே காரணமாயினும் அவ்வாறே. 2021 தொடக்கத்தில் சிகாகோ ஆசிரியர் சங்கத்திற்கும் நிர்வாகத்திற்கும் இடையே எழுந்த பிணக்கில் இக்குடும்பத்தினர் சிக்கலும் ஒன்றாகும். பிப்ரவரியில் உடன்பாடு காணப்பட்டது.

== பணியிடப் பாதுகாப்பு ==

1970-ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்பு, நலச் சட்டம் மாநில, உள்ளாட்சி ஊழியர்களை உள்ளடக்கவில்லை. மாநிலம் தனக்கெனக் கூட்டரசு ஏற்ற திட்டம் ஒன்றை வைத்திருந்தால் மட்டுமே அரசுப் பள்ளி ஊழியருக்கு அப்பாதுகாப்புக் கிட்டும். கலிபோர்னியாவில் அத்தகைய திட்டம் உள்ளது. 2020 நவம்பர் 30 முதல் அங்கு கோவிட்-19 தடுப்புக்கான அவசர விதிகள் நடைமுறைக்கு வந்தன. டெக்சாசு, புளோரிடா ஆகியவற்றில் இல்லை.

புளோரிடாவில் ஆகத்து மாதம் வாரம் ஐந்து நாட்களும் பள்ளிகளைத் திறக்கும்படி மாநிலக் கல்வி ஆணையர் 2020 சூலை 6 அன்று ஆணையிட்டார். பாதுகாப்பு விதிகளின் துணை இல்லாத நிலையில், ஆசிரியர் சங்கம் மாநில அரசியலமைப்பில் உள்ள "பாதுகாப்பான" பள்ளிகள் என்னும் தொடரைப் பற்றிக்கொண்டு வழக்குத் தொடுத்தது. ஆகத்து 24 அன்று கீழ் நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்டோபர் 9 அன்று அத்தடையை நீக்கியது. அதற்குள் பள்ளிகள் திறக்கப்பட்டிருந்தன.