ஜோசே டுப்வி – ஓபரேட்டா மேடையின் நாயகன்

1864 டிசம்பர் 17 அன்று பாரிஸ் நகரின் வரியெத்தே அரங்கில் 'அழகி ஹெலன்' முதன்முதலாக மேடையேறியது. இசை ஓஃபன்பாக். ஹெலனாக ஒர்தான்ஸ் ஷ்னைடர். அவளைத் தூக்கிச் செல்லும் டிராய் இளவரசனாக ஜோசே டுப்வி. கிரேக்கப் புராணத்தின் பெயரில், பார்க்க வந்திருந்த பெரிய மனிதர்களையே கிண்டல் செய்த நாடகம் அது. அவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்!

டுப்வி 1833-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்தவர். ஓஃபன்பாக் ஜெர்மனியின் கொலோனில் பிறந்தவர். ஷ்னைடருக்குச் சொந்த ஊர் போர்தோ. ஆக, பாரிஸைச் சிரிக்க வைத்த இந்த மூவரில் ஒருவர்கூட பாரிஸ்காரர் இல்லை.

ஓபரேட்டா என்பது வசனமும் பாட்டும் கலந்த நகைச்சுவை இசை நாடகம். நன்றாகப் பாடினால் மட்டும் போதாது, வசனத்திலும் சிரிக்க வைக்க வேண்டும். டுப்வியிடம் இரண்டும் இருந்தன. 1866-ல் மனைவிமாரைத் தீர்த்துக்கட்டிவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு அலையும் நீலத்தாடிப் பிரபு, 1868-ல் 'லா பெரிக்கோல்' நாடகத்தில் லிமா நகரத் தெருப்பாடகன், 1869-ல் கொள்ளையர் தலைவன் என்று வரிசையாக நடித்தார்.

இவற்றுக்கு நடுவே வந்ததுதான் 1867-ன் 'ஜெரோல்ஸ்டைன் சீமாட்டி'. அதில் டுப்வி ஒரு சாதாரணச் சிப்பாய். சீமாட்டிக்கு அவன் மேல் ஆசை வந்ததும் நிமிடங்களில் தளபதியாகி விடுகிறான். அவன் மனம் கிராமத்துப் பெண்ணிடம் என்று தெரிந்ததும் பதவிகள் எல்லாம் பறிபோகின்றன. அந்த ஆண்டு பாரிஸில் உலகக் கண்காட்சி. வந்த மன்னர்கள் எல்லாம் இதைப் பார்க்கக் கூடினார்கள். பிஸ்மார்க்கும் பார்த்தார்.

மூன்றே ஆண்டுகளில் அதே பிஸ்மார்க்கின் பிரஷியாவுடன் போர். மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி கவிழ்ந்தது. தோற்ற நாட்டில் ராணுவத்தைக் கேலி செய்யும் நாடகத்துக்கு இடமில்லை, அது தடை செய்யப்பட்டது. ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் ஓஃபன்பாக் மீதும் வெறுப்பு.

டுப்வி அரங்கை விட்டுப் போகவில்லை. ஆனா ஜுதிக் என்ற புதிய நட்சத்திரத்துடன், இடையிடையே பாட்டு வரும் நகைச்சுவை நாடகங்களுக்கு மாறிக்கொண்டார். ஜூல் வெர்ன் கதையை வைத்து ஓஃபன்பாக் இசையமைத்த 'டாக்டர் ஆக்ஸ்' (1877), பிறகு 'நினிஷ்' (1878), 'லிலி' (1882). 1900-ல் காலமானார்.

அவர் புகழின் உச்சியில் இருந்தபோது பாட்டைப் பதிந்து திரும்பக் கேட்கும் கருவியே கிடையாது. எடிசனின் போனோகிராஃப் 1877-ல்தான் வந்தது. எஞ்சியிருப்பது ஓஃபன்பாக் அவருக்காக எழுதிய இசைக்குறிப்புகளே. 'அழகி ஹெலன்' மூன்றாம் அங்கத்தில், பூசாரி வேடமிட்டு வரும் இளவரசன் ஆல்ப்ஸ் மலைவாசிகளைப் போல் குரலை உச்சத்துக்கு ஏற்றிப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. ஒரு நகைச்சுவை நடிகர் பாடிய அந்தப் பாட்டை இன்று பயிற்சி பெற்ற ஓபரா பாடகர்கள் பாடுகிறார்கள்.