தமிழ்த் தட்டச்சும் மனித இயல்பும்

கருவி மனிதனுக்கு இசைய வேண்டுமா, மனிதன் கருவிக்கு இசைய வேண்டுமா என்பது, பயனர் அனுபவ வடிவமைப்பு என இன்று வழங்கும் துறையின் தலையாய வினா. தமிழ்த் தட்டச்சின் வரலாறு இதற்கு நல்லதோர் விளக்கமாகும்.

தமிழ் எழுத்துக்கள் 247. ஒவ்வொன்றிற்கும் ஒரு விசை அமைத்தல் இயலாது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டு பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, எழுத்துக்களை உறுப்புக்களாகப் பகுத்து ஒரு பொறியுள் அடக்கினார். இஃது அரிய சாதனையே. எனினும் பொறியின் இயல்பு கையைக் கட்டுப்படுத்திற்று. 'கொ' என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளை அழுத்த வேண்டியதாயிற்று. மனம் ஒலியை நினைக்க, விரல் வடிவத்தைத் தேடிற்று.

பின்னர் உளவியலாளர் இத்தகைய இடர்களை அளந்து கூறினர். தெரிவுகள் பெருகுந்தோறும் முடிவெடுக்கும் நேரமும் கூடும் என 1952 இல் ஹிக் காட்டினார். இலக்குத் தொலைவும் சிறுமையும் உடையதாயின் அதனை அடையும் நேரம் நீளும் என 1954 இல் ஃபிட்ஸ் நிறுவினார்.

கணினி வந்தபின் பொறியின் தளை நீங்கியது. சென்னையில் 1999 இல் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தோன்றியது. அதில் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்தன. மிகுதியாக வரும் எழுத்துக்கள் விரல்கள் தங்கும் வரிசையில் நின்றன. ககரமும் ஒகரமும் அழுத்தினால் 'கொ' தோன்றும். அ, ம, ம, ஆ என அழுத்தினால், புள்ளி தானே அமைந்து 'அம்மா' என வரும். இலக்கணமே இங்குக் கருவியாயிற்று.

ஆயினும் பழைய அமைப்பு மறையவில்லை. இலங்கையின் நியம விசைப்பலகை ரெங்கநாதன் தட்டச்சமைப்பைத் தழுவியதாகும். இதனைப் பிடிவாதம் என இகழ்தல் தகாது. பழக்கத்தின் வலிமையை வில்லியம் ஜேம்ஸ் 1890 இலேயே விரித்துரைத்தார். பல்லாண்டு பயின்ற விரலுக்குச் சிறந்த அமைப்பும் முதலில் இடையூறே. தட்டச்சரின் பிழைப்போ அவ்விரைவிலேயே தங்கியிருந்தது.

திருகோணமலை அன்புவழிபுரத்தில் இன்று கைப்பேசி ஏந்தும் மாணவனுக்கு அத்தகைய பழஞ்சுமை இல்லை. ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழைப் பெறுதல் அவனுக்கு எளிது. ஆனால் அவ்வெளிமை ஆங்கில எழுத்தை முன்னரே பயின்றதன் விளைவு. முதலிற் பழகியதே எளிதாகத் தோன்றும். ஆதலின், எந்த விசைப்பலகையை மாணவர்க்கு முதலிற் கற்பிப்பது என்பது, பள்ளிகள் சிந்தித்து முடிவு செய்யத்தக்க மொழிக்கடமையாகும்.