இரும்புச் சாவியும் மரபணுவும்

 

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, என் சித்தப்பா வீடு. சின்ன வயசில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்க கேம்ப் அங்கேதான். ஒரு தடவை ராத்திரி பூரா முழிச்சு 14 கிலோமீட்டர் சுத்திட்டு வந்து, அரை மணி நேரம் தூங்கி எழுந்த தங்கச்சி, காபி டம்ளரைக் கீழே போட்டாள். கை ரெண்டு தடவை வெட்டி இழுத்தது. அப்புறம் அப்படியே சாய்ந்து வலிப்பு. நாலு பேர் இரும்புச் சாவிக் கொத்தோடு ஓடி வந்தாங்க. ரெண்டு நிமிஷத்தில் அது தானாக நின்னுடுச்சு. பேர் வாங்கினது சாவி :-)

போன மாசம் அவளுக்கு வந்த வரன், ஜாதகமெல்லாம் பொருந்தின பிறகு, "வம்சத்துலயே இருக்காமே" என்று கழண்டுகொண்டது. "நீ படிச்சவன், பரம்பரையா இல்லையான்னு பாத்துச் சொல்லுடா" என்றார் சித்தப்பா. நமக்குத் தெரிஞ்சது ஜாவா. இருந்தாலும் தோண்டினேன்.

கேள்வி பழசு. வலிப்பு சாமி குத்தம் இல்லை, மூளையில் வருவது, பரம்பரையாகவும் வரும் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடியே ஹிப்போகிரட்டஸ் பெயரில் உள்ள கிரேக்க நூல் சொல்லிவிட்டது. பாதி சரி. ஆனால் அந்தப் 'பரம்பரை' என்ற வார்த்தை அப்புறம் படுத்தின பாடு இருக்கே! 1933-இல் நாஜி ஜெர்மனி போட்ட கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் 'பரம்பரை வலிப்பும்' இருந்தது. அப்போது வலிப்புக்கான ஒரு மரபணுவைக்கூட யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

நம்மூர் மட்டும் என்ன? 1955-இன் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு பற்றிப் பேச்சே இல்லை. 1976-இல் திருத்தம் செய்தபோது சேர்த்தார்கள்: திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர். அதையே காரணம் காட்டி, நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். முன்னாடி போகாமல் பின்னாடி போன திருத்தம்! இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. 1999-இல்தான் அந்த வார்த்தை நீக்கப்பட்டது. சித்தப்பாவுக்கு இது தெரியாது. வந்த வரனுக்கும் தெரிந்திருக்காது.

சரி, மரபணு? முதல் வலிப்பு மரபணு கிடைத்தது 1995-இல். அது மூளையின் ஒரு பகுதியில் மட்டும் கிளம்பும் வகை. மூளையின் இரு பக்கமும் சேர்ந்து பற்றிக்கொள்ளும் பொது வலிப்பு வேறு சங்கதி. தங்கச்சிக்கு இருப்பது அதில் ஒரு வகை. ஜெர்மன் டாக்டர் யான்ஸ் 1957-இல் விவரித்தது: பதின்வயதில் தொடங்கும், தூங்கி எழுந்ததும் கை வெட்டும், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். இப்போ அந்தப் பௌர்ணமி புரியுதா?

நம்ம பக்கத்திலும் இதில் வேலை நடந்திருக்கு. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தின் அனுரஞ்சன் ஆனந்த் குழுவும், நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவர் சதீஷ்சந்திராவும் ஒரு தென்னிந்தியக் குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஆராய்ந்தார்கள். மூன்றாவது குரோமோசோமில், உடம்பின் கால்சியத்தை உணரும் புரதத்துக்கான மரபணுவில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதை 2008-இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு எழுத்து! ஒரு செமிகோலனைத் தேடி ராத்திரி பூரா முழிச்ச எனக்கு அந்த வலி புரியும்.

ஆனால் இப்படி ஒரே பிழையில் மாட்டும் குடும்பங்கள் அபூர்வம். 2023-இல் வந்த உலகளாவிய ஆய்வில் கிட்டத்தட்ட 30,000 நோயாளிகள். சிக்கிய இடங்கள் 26. அதில் 19 பொது வலிப்புக்கே உரியவை. ஒவ்வொன்றும் தனியாகத் தள்ளுவது துளியூண்டு. பல துளி ஒரே ஆளிடம் சேரணும். அதனால்தான் இந்த வலிப்பு உள்ளவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வருகிறது. மற்றவர்களுக்கு வருவதைவிட அதிகம்தான். ஆனா 90 பேருக்கு வராது.

அதைவிட முக்கியமா ஒண்ணு. வால்ப்ரோயேட் என்ற மாத்திரை இந்த வகைக்கு நல்லாவே கேட்கும். ஆனால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். அதனால் இளம்பெண்களுக்குக் கூடுமானவரை வேறு மருந்து தருகிறார்கள். இதைத்தான் டாக்டரிடம் முதலில் கேட்கணும் (மாத்திரையைத் தானா நிறுத்தவே கூடாது).

எல்லாம் ஃபோனில் சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை. "அந்த 10 பேரைப் பத்தி மட்டும்தானே அவங்க கேப்பாங்க?" என்றார். ஃபோனைப் பிடுங்கின தங்கச்சி, "அடுத்த தடவை நானே சொல்லிக்கிறேன், அந்த 1999 சமாச்சாரத்தைத் தமிழ்ல எழுதி அனுப்பு" என்றாள்.

அனுப்பியாச்சு. அதுதான் இந்தப் பதிவு.