பரங்கிப்பேட்டை உலை ஏன் அணைந்தது?

இரும்பை என்பது ஓர் ஊரின் பெயர் என்றால் வெளியூர் நண்பர்கள் நம்புவதில்லை. சரி, இந்த முறை இரும்பைப் பற்றியே எழுதிவிடலாம்!

திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் 1993 வரை தென்னாற்காடு மாவட்டம்தான். அதே மாவட்டத்தில், கடலோரப் பரங்கிப்பேட்டையில், 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துத் தாது அருமையானது. சிக்கல் எரிபொருளில்!

ஊது உலையில் எரிபொருளுக்கு மூன்று வேலைகள். எரிந்து வெப்பம் தர வேண்டும். கார்பன் மோனாக்சைடாகி, தாதுவில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். மேலே கொட்டும் தாதுவின் பாரத்தை நொறுங்காமல் தாங்கவும் வேண்டும்.

ஹீத் எரித்தது மரக்கரி. அதில் கந்தகம் மிகக் குறைவு, அதனால் இரும்பு சுத்தமாக வரும். ஆனால் எளிதில் நொறுங்கும், உலையை அதிக உயரமாகக் கட்ட முடியாது. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709-லேயே நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக்குக்கு மாறிவிட்டார். கோக் உறுதியானது. உலை பெரிதானது, செலவு குறைந்தது.

இங்கே பக்கத்துக் காடு தீரத் தீர, கரி தூரத்திலிருந்து வந்தது. செலவு ஏறியது. 1860-களில் உலை அணைந்தது.

நெய்வேலியும் அன்று இதே மாவட்டம்தானே என்பீர்கள். ஆனால் அந்தப் பழுப்பு நிலக்கரியில் பாதி ஈரம். ஊது உலைக்கேற்ற கோக் அதில் கிடைக்காது.

வணிகவியல் படிக்கும் எனக்குப் புரிந்தது இதுதான்: தாது மலிவாகக் கிடைத்தால் மட்டும் போதாது. உருக்கும் செலவையும், அழியும் காட்டையும் சேர்த்துத்தான் அடக்கவிலை போட வேண்டும்.